காண்ட்ராக்டர் மூன்று, கேட் ஒன்று

கேள்வி: நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மணலிப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் ஏழு வருஷத்துக்கு மேல் காண்ட்ராக்ட் லேபராக வேலை பார்த்தார். லோடு இறக்குவது, சங்கிலி மாட்டுவது எல்லாம் அவர் வேலை. இதுவரை மூன்று காண்ட்ராக்டர் மாறிவிட்டார்கள், சூப்பர்வைசர் மட்டும் மாறவில்லை. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000, மொத்தச் சம்பளம் 17,000. சீட்டில் பி.எஃப் 1,560, ஈ.எஸ்.ஐ 128 பிடிக்கிறார்கள். போன மாதம் பாஸ்புக்கைப் பார்த்தால் கடைசி 14 மாதப் பணம் ஏறவே இல்லை. ஐந்து மாதம் முன்பு சங்கிலியில் இடது கை நடுவிரல் மாட்டி நுனிக் கணு போய்விட்டது. தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்து, "வீட்டுக் கதவில் நசுங்கிடுச்சுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். பி.எஃப் பற்றிக் கேட்டதற்கு, மூன்று வாரம் முன்பு கேட்டிலேயே நிறுத்தி "இனிமே வராதே" என்றுவிட்டார்கள். இப்போது ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் 20,000 தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்கிறார். வாங்கலாமா? புகார் கொடுத்தால் இந்த ஏரியாவில் வேறு வேலை கிடைக்குமா?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, அந்த 20,000 ரூபாய்ப் பேச்சைக் கடைசியில் பார்ப்போம். உங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் பேரத்துக்கு உட்காரக் கூடாது.

முதலில் ஒரு கடிதம் போக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். வாயால் "வராதே" என்று நிறுத்தியவர்கள் நாளைக்கு அதிகாரி முன்னால் என்ன சொல்வார்கள் என்பது எழுதி வைத்த வசனம்: "நாங்க நிறுத்தலைங்க, அவராத்தான் வரலை." மூன்று வாரம் வீட்டில் சும்மா இருந்தது அந்த வசனத்துக்குச் சாதகம். ஆகவே, சுற்றி வளைக்காமல் இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தேதி காலை ஷிப்டுக்கு இத்தனை மணிக்கு வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. சூப்பர்வைசர் 'இனி வர வேண்டாம்' என்றார். எழுத்தில் எந்த உத்தரவும் தரவில்லை. நான் வேலையை விடவில்லை. இன்றும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். என் நிலுவைச் சம்பளம், பி.எஃப் பாக்கி, விபத்து தொடர்பான பலன் எதுவும் இன்னும் தீர்க்கப்படவில்லை."

கேட் பாஸ் எண், ஈ.எஸ்.ஐ எண், பி.எஃப்-இன் யு.ஏ.என் எண் மூன்றையும் மேலே போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் காண்ட்ராக்டருக்கும், இன்னொன்றை யார்டு கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு அனுப்புவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் ஒப்புகையோடு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தாலும் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். பிரிக்காத உறைக்குத்தான் மதிப்பு.

அடுத்தது விரல். நாள் கடந்தால் கெடுவது அதுதான், பி.எஃப் அவ்வளவு சீக்கிரம் கெடாது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஈ.எஸ்.ஐ பலன் பெற "இத்தனை நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும்" என்ற நிபந்தனை கிடையாது. காய்ச்சலுக்குச் சம்பளப் பலன் வாங்கத்தான் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேண்டும். காண்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ பணத்தையும் கட்டாமல் விட்டிருக்கலாம். அப்படியிருந்தாலும் ஈ.எஸ்.ஐ கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பலனைக் கேட்கும் விண்ணப்பம் 12 மாதத்துக்குள் போக வேண்டும். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

காயத்துக்கு ஈ.எஸ்.ஐயில் இரண்டு வகைப் பணம் உண்டு. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு என்பது ஒன்று. விரல் குறைந்ததற்காக ஆயுள் முழுக்க மாதாமாதம் வருவது இன்னொன்று. சட்டத்தின் அட்டவணையில் நடுவிரல் முழுசாகப் போனால் 12, இரண்டு கணு போனால் 9, ஒரு கணு போனால் 7, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போனால் 4 விழுக்காடு என்று சம்பாதிக்கும் திறன் இழப்பைப் போட்டிருக்கிறார்கள். 17,000 சம்பளத்துக்கு 7 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 1,000 ரூபாய். கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் அது அவர் இருக்கும்வரை வரும், வேறு எங்கே வேலைக்குப் போனாலும் நிற்காது. 7-க்கும் 4-க்கும் நடுவில் நிற்பது எலும்புத் துண்டுதான் என்பதால், காயம் பட்ட அன்று எடுத்த எக்ஸ்ரே படம் கைவசம் இருக்க வேண்டும். ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையே கேட்டு வாங்குங்கள்.

இனி, அந்தக் கதவுக் கதை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் ஏற்பட்ட காயம்" என்று இருக்கும். அதைத் திருத்தித் தரச் சொல்லி நர்சிங் ஹோமில் போய் நிற்காதீர்கள். திருத்திய காகிதம் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அதற்குப் பதில் மூன்றைச் சேருங்கள். முதலாவது, சேர்த்த நேரம். காலை ஷிப்டு நடுவில் 11 மணிக்குச் சேர்த்ததாக இருந்து, அன்று யார்டு மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) அவர் பெயரும் இருந்தால், வீட்டுக் கதவு எங்கிருந்து வந்தது? இரண்டாவது, பில் கட்டியது யார். காண்ட்ராக்டரோ சூப்பர்வைசரோ போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீதில் பெயர் இருக்கும். ஒருத்தர் வீட்டுக் கதவில் விரல் நசுங்கினதற்கு இன்னொருத்தர் ஏன் நர்சிங் ஹோம் பில் கட்டப்போகிறார்? இந்த ஒரு கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது, அன்று பக்கத்தில் நின்ற இரண்டு பேர். எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள், வேலை அங்கேதானே. பெயரும் எந்த ஷிப்டு என்பதும் கிடைத்தால் போதும், விசாரணைக்கு வரும் ஈ.எஸ்.ஐ அதிகாரி கேட்டுக்கொள்வார்.

விபத்து அறிக்கையை முதலாளிதான் ஆன்லைனில் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பவில்லை என்றால் உங்கள் வீட்டுக்காரர் ஈ.எஸ்.ஐ கிளை அலுவலக மேலாளருக்கு நேரே எழுதலாம். நடந்ததை நடந்தபடி எழுதி, கதவு என்று சொல்லச் சொன்னதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட பொய்க்குப் பெரிய கெடுதல் இல்லை, பின்னால் பிடிபட்டால்தான் வழக்கையே சாய்க்கும். கிளை அலுவலகத்தில் வாங்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் முத்திரை போட்ட நகல் வேண்டும். விரலில் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் கார்டில் போட்டிருக்கும் டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து அயனாவரம் ஈ.எஸ்.ஐ மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள். இப்போதாவது காயம் ஈ.எஸ்.ஐ ஏட்டில் ஏற வேண்டும். கடைசியில் எத்தனை விழுக்காடு என்று சொல்லப்போவது மருத்துவ வாரியம்.

பி.எஃப் விஷயம். பாஸ்புக்கில் வெறும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், ஒரு மாத வரியை எடுத்துக் குறுக்காகப் படியுங்கள். சம்பளம் 13,000 என்று இருக்க வேண்டும். தொழிலாளி பங்கு 12 விழுக்காடு, 1,560. முதலாளி பங்கும் அதே 1,560, ஆனால் அது இரண்டாகப் பிரிந்து 1,083 ஓய்வூதியத்துக்கும் 477 பி.எஃப் கணக்குக்கும் போகும். ஒழுங்காக ஏறிய மாதங்களிலும் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறாரா என்பது இதில் தெரிந்துவிடும். சீட்டில் 1,560 பிடித்துவிட்டுப் பாஸ்புக்கில் 900 ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு 14 மாதம் என்றால் இரு பங்கும் சேர்த்து 43,680 ரூபாய் நிற்கிறது, அதில் 15,162 ஓய்வூதியக் கணக்குக்கு உரியது.

அடுத்து, பி.எஃப் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது, பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். காண்ட்ராக்டரின் பி.எஃப் கோடு எண்ணைப் போட்டால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார், எத்தனை பேருக்குக் கட்டினார் என்று வரும். அந்த 14 மாதமும் காலி என்றால் யார்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் கட்டவில்லை என்று அர்த்தம். அப்போது தனியாகப் போகாதீர்கள், இன்னும் பத்துப் பேர் கையெழுத்தோடு போங்கள், விசாரணை வேகமாக வரும். மாறாக, மாதாமாதம் கட்டியிருக்கிறார், ஆனால் 60 பேர் வேலை செய்யும் இடத்தில் 22 பேருக்குத்தான் என்றால், உங்களவர் பெயரை விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறார். அங்கே "இந்த ஆள் என்னிடம் வேலையே செய்யவில்லை" என்று சொல்லத் தயாராக இருப்பார். அந்தச் சண்டையில் பிடித்தம் காட்டிய சம்பளச் சீட்டும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கும்தான் உங்கள் பக்கம் பேசும். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கி ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின்படி அது நம்பிக்கை மோசடிக் குற்றம். கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே சில காண்ட்ராக்டர்கள் கணக்கை எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

புகாரை பி.எஃப் குறைதீர் தளத்தில் போடலாம். யு.ஏ.என், காண்ட்ராக்டர் கோடு, பாக்கி மாதங்கள், கம்பெனி பெயர், எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, சம்பளச் சீட்டை அதோடு இணையுங்கள். "பணம் வரவில்லை" என்று ஒற்றை வரி போட்டால் "முதலாளியை அணுகவும்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு மூடிவிடுவார்கள், அப்படி மூடப்பட்ட புகார்கள் ஏராளம். எந்த அலுவலகம் என்று தெரிய கோடு எண்ணின் முதல் ஐந்து எழுத்தைப் பாருங்கள்: டி.என்.எம்.ஏ.எஸ் என்றால் சென்னை, டி.என்.ஏ.எம்.பி என்றால் அம்பத்தூர். காண்ட்ராக்டர் எங்கே பதிவு செய்தாரோ அந்த அலுவலகம்தான், யார்டு இருக்கும் இடம் கணக்கில்லை. மாதாமாதம் 27-ஆம் தேதி குறைதீர் முகாம் நடக்கிறது, அங்கே நேரில் போனால் பேச ஆள் இருக்கும். புகாரில் கம்பெனியின் பெயரை மறக்காமல் சேருங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பி.எஃப்-க்கு முதல் பொறுப்பு வேலை வாங்கிய கம்பெனிக்குத்தான், அவர்கள் கட்டிவிட்டுக் காண்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. கைக்காசு இல்லாத நேரத்தில் இருக்கிற பி.எஃப்-ஐ எல்லாம் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அவசரத்துக்கு முன்பணம் எடுங்கள், ஓய்வூதியப் பகுதியைத் தொடாதீர்கள். பத்து ஆண்டு சேவை இருந்தால் மாத ஓய்வூதியம். ஏழு தாண்டிவிட்டது, இன்னும் மூன்றுக்கும் குறைவு. மூன்று காண்ட்ராக்டரிடம் மூன்று உறுப்பினர் எண் இருக்கும், முதல் காண்ட்ராக்டர் தனி யு.ஏ.என்-கூடப் போட்டிருக்கலாம். எல்லாவற்றையும் ஆதாரோடு சேர்ந்த ஒரே யு.ஏ.என்-னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த உறுப்பினர் எண்களில்தான் பணிக்கொடையும் ஒளிந்திருக்கிறது. கிராஜுவிட்டி என்று சொல்வோமே, அது. பொதுவாக ஐந்து ஆண்டு தொடர் வேலை வேண்டும். (குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் எடுத்தவருக்கு இப்போது ஓராண்டு போதும், ஆனால் உங்களவருக்கு நியமனக் கடிதமே இருக்காது என்று நினைக்கிறேன்.) இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் பெயர் மாறுவது ஏன் என்று இப்போது புரியும். ஒவ்வொருவரிடமும் ஐந்துக்குள் நின்றுவிடும், "என்கிட்ட ரெண்டு வருஷம்தானே" என்பார்கள். அதை உடைப்பது, கேட் ஒன்று, சூப்பர்வைசர் ஒன்று, வேலை ஒன்று, நடுவில் ஒருநாள்கூட இடைவெளி இல்லை என்று காட்டுவதுதான். பி.எஃப் தளத்தில் சேவை விவரம் என்ற பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். ஒன்று 31-இல் முடிந்து அடுத்தது 1-இல் ஆரம்பித்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்றைக்கே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். இப்போதைய காண்ட்ராக்டர் நாளைக்கு "ராஜினாமா" என்று ஒரு விலகல் தேதியை ஏற்றிவிடலாம். பழைய கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள், லேமினேஷன் பிய்ந்ததாக இருந்தாலும் சரி.

கணக்கு இது: கடைசி அடிப்படை, பஞ்சப்படியை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 13,000-க்கு 7,500. ஏழு வருஷத்துக்கு 52,500. ஏழரை வருஷத்தைத் தாண்டியிருந்தால் எட்டாகக் கணக்கிட்டு 60,000. காண்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கான அதிகாரியிடம் மனு. காண்ட்ராக்டர் தராவிட்டால் கம்பெனி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு, அதனால் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் போகாதீர்கள்.

வேலைநீக்கத்துக்குத் தனி மனு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும் சமரச அலுவலரிடம். வடசென்னையில் இங்கேதான் பலர் கதவு மாறித் தட்டுகிறார்கள். துறைமுகத்துக்குள்ளேயோ மத்திய அரசின் பொதுத்துறை ஆலையிலோ நடந்த வேலை என்றால் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம், அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில். தனியார் யார்டு, தனியார் ஆலை என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. கேட்டில் யார் போர்டு தொங்குகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுடையது மாநிலம். மனு கொடுத்து 45 நாளில் பேச்சு முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் இரண்டு ஆண்டுதான். "மூணு வருஷம் இருக்கு" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நிலுவைச் சம்பளமோ, வேலைநீக்கம் செய்த இரண்டு வேலை நாளுக்குள் தந்திருக்க வேண்டியது.

அங்கே எதைக் கேட்பது என்பதில் ஒரு வார்த்தை. "கம்பெனியில் நிரந்தரமாக்க வேண்டும்" என்று சிலர் எழுதிக் கொடுப்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளி தானாகவே கம்பெனி ஆள் ஆகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காண்ட்ராக்டே போலி என்று நிரூபித்தால்தான் வழி, அதற்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். பணக் கோரிக்கை நான்கும் (சம்பளம், பி.எஃப், விரல், பணிக்கொடை) உங்களிடம் கெட்டியாக இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிடியுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யுங்கள்.

வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், அதே யார்டில் கிடைக்காது. அதே சூப்பர்வைசர் கை நீளும் இரண்டொரு இடத்திலும் கஷ்டம்தான். மணலி, எண்ணூர், மாதவரம் முழுக்கப் பெயர் பரவும் என்பது மட்டும் மிரட்டல். லோடு வந்து நிற்கும்போது சங்கிலி மாட்டத் தெரிந்த ஆளை யாரும் பழங்கதை கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. தனி ஆளாகப் போனால்தான் கண்ணில் படுவார், ஏதாவது ஒரு சங்கத்தின் பெயரில் நாலு பேராகப் போகட்டும். 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். பிறகு நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மேல் கோர்ட்டில் தடை வாங்கியது. அந்த வழக்குக்குப் பிறகுதான், 1926-இல், தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கத்தில் சேர்வது இந்த ஊரில் புதுசு இல்லை.

இப்போது அந்த 20,000. பணிக்கொடை 52,500, பி.எஃப் பாக்கி 43,680, மாதாமாதம் விரலுக்கு வருவது தனி, நிலுவைச் சம்பளம் தனி. அந்தப் பேப்பரில் "என் எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று இருக்கும். பணிக்கொடையை அப்படி எழுதி வாங்கி இல்லாமல் செய்ய முடியாது, சட்டம் அதை ஏற்காது. ஆனால் "ராஜினாமா செய்கிறேன்" என்ற வரி ஒன்று அதில் இருந்தால் வேலைநீக்க மனு அங்கேயே செத்துவிடும். வெற்றுத் தாள், வெற்று வவுச்சர் இரண்டிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று நிலைமை இருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும், வங்கிக் கணக்கில். பேப்பரை முதலில் போட்டோ எடுத்துவிட்டு, ராஜினாமா வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லி, கையெழுத்துக்கு மேலே அவர் கையாலேயே இப்படி எழுதட்டும்: "நிலுவைச் சம்பளத்துக்காக ரூ. 20,000 மட்டும் பெற்றுக்கொண்டேன். பி.எஃப், ஈ.எஸ்.ஐ, பணிக்கொடை, வேலை தொடர்பான மற்ற கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன." கீழே தேதி. எழுத விடமாட்டேன் என்று காண்ட்ராக்டர் பேப்பரைப் பிடுங்கினால் எழுந்து வந்துவிடட்டும். அன்றைக்கே அந்த போட்டோவைச் சமரச மனுவோடு சேர்த்துவிடுங்கள்.